அத்தை வைத்த மணி

மாமியாரை மெச்சிய மருமகள் இல்லை என்று ஒரு பழமொழி உண்டு. மருமகனைப் பற்றி அந்தப் பழமொழி வாய் திறக்கவில்லை. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன், எனக்கு என் மாமியாரை ரொம்பப் பிடிக்கும். அவர் போய் வருஷம் திரும்பப் போகிறது. ஆனாலும் ‘பிடித்திருந்தது’ என்று எழுதக் கை வரவில்லை.

நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். டாக்டர் கையை நீட்டுவதற்குள் எந்தக் கத்தி, எந்தக் கத்தரிக்கோல் என்று தெரிந்து எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பவருக்கு வீட்டிலாவது யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டாமா என்று கேட்பார். அந்த யாராவது, மாமா. காரின் பானெட்டைத் திறந்து அத்தை குனிந்தால் மாமா பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார். எண் மாறிப் போனால் அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் அதை அவர் கையிலேயே திருப்பி வைப்பார்.

வண்டியும் அத்தையுடையதுதான். மாமாவுக்கு ஓட்ட வராது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை கற்றுக்கொள்ள உட்கார்ந்து கேட் தூணில் இடித்திருக்கிறார். தூண் இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. அன்றிலிருந்து பக்கத்து இருக்கை அவருக்குப் பட்டா போட்ட இடம். வேறு யார் உட்கார்ந்தாலும், பெற்ற மகளே உட்கார்ந்தாலும், கதவருகே வந்து ஒன்றும் பேசாமல் நிற்பார். நாமே எழுந்து பின்னால் போய்விடுவோம்.

மாமா அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் முடிவு வரை படிக்காமல் விடமாட்டார். சோப்பு உறை, மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதம், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், எல்லாமே அவருக்கு ஒன்றுதான். வெளியே கிளம்பலாம் என்று கூப்பிட்டால் “இதோ” என்பார். அந்த இதோவுக்கு நீளம் அகலம் கிடையாது. அத்தையோ தியேட்டரில் பழகியவர், சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நிற்காவிட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் அவருக்கு. இந்த இரண்டு பேருக்கும் எப்படித்தான் முடிச்சுப் போட்டார்களோ.

சண்டை போட்டு ஓய்ந்துபோய் அத்தை கண்டுபிடித்த வழிதான் வண்டிக் கடிகாரம். ரேடியோவுக்கு மேலே பச்சை எழுத்தில் மணி காட்டும் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார். எவ்வளவு முன்னால் என்று யாரிடமும் சொல்லமாட்டார். மாமாவுக்கு அது பழகிப்போய் மறுபடி அசைந்து நடக்க ஆரம்பித்தால், இன்னும் கொஞ்சம் தள்ளுவார். சில சமயம் குழப்புவதற்காகவே பின்னால் இழுப்பார்.

நான் அதை முதலில் பார்த்தது கல்யாணத்துக்கு அப்புறம் நாங்கள் நாலு பேரும் ஒன்றாகப் போன முதல் பயணத்தில். அத்தை சாவியைத் திருகிவிட்டு, “ஏங்க, அந்தப் பக்கம் திரும்புங்க” என்றார். மாமா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், கண்ணாமூச்சி ஆடும் பிள்ளை மாதிரி. டிக், டிக் என்று பொத்தான் சத்தம் கேட்டது. “ம், ஆச்சு” என்றார் அத்தை. மாமா திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். “ஐயையோ, இவ்வளவு நேரமாச்சா?” என்று பதறினார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் இவர் சுத்த அப்பாவி என்று முடிவு கட்டினேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இந்தப் புளுகு ஒரு தாம்பத்தியம் முழுக்க ஓடியது. என் மனைவி சின்ன வயதிலிருந்தே யாராவது மணி சொன்னால் “வீட்டு மணியா, வண்டி மணியா?” என்று கேட்டுப் பழகியவள். எங்கள் வீட்டிலும் இன்று வரை அந்தக் கேள்விதான்.

இப்போது பேட்டரிக் கதைக்கு வருகிறேன்.

அத்தை போனதிலிருந்து மாமா வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. நாங்கள் போனால் பேசுவார், சிரிப்பார், டீ போட்டுக் கொடுப்பார். வாருங்கள் வெளியே போகலாம் என்றால் மட்டும் ஏதாவது ஒரு காகிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிடுவார். அவருடைய அண்ணன், என் மனைவிக்குப் பெரியப்பா, அடுத்த ஊரிலிருந்து ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி ஒரு நாள் முடிவெடுத்தாள். அம்மாவின் வண்டியைத் தானே ஓட்டுவது, அப்பாவை அவர் இருக்கையில் உட்கார வைத்துப் பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிப் போவது. வேறு வண்டி என்றால் அவர் ஏறமாட்டார் என்றாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அத்தையின் மகள் அல்லவா.

அந்த வண்டியோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. போன வாரம் சாவியைத் திருகிப் பார்த்தபோது விளக்கெல்லாம் மங்கலாக எரிந்ததே தவிர இன்ஜின் முனகக்கூட இல்லை. பேட்டரி வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இறங்கினோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகப் பெரியப்பாவிடம் சொல்லியாயிற்று, மாமாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லவில்லை. நல்ல காரியம், சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம்.

நான் பானெட்டைத் திறந்து அத்தையின் சாமான்களை வெளியே எடுத்தேன். மற்றவர்கள் ஸ்பேனரை டப்பாவில் கொட்டி வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்களே, அவரைக்கொட்டை போல வளைந்த ஸ்டீல் தட்டு, அதில் அத்தை துணி விரித்து வரிசையாக அடுக்கியிருப்பார். ரப்பர் கையுறை, சமையல் சோடா டப்பா, என்னிடம் வாங்கிய பழைய பிரஷ்கள். நான் பல் டாக்டர். பல் டாக்டர் வீட்டில் பழைய பிரஷ்ஷுக்குப் பஞ்சமா என்று கேட்டுக் கேட்டு வாங்குவார். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சோடாத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதற்கு அது. அந்த வேலையை மட்டும் என்னை நம்பி விடுவார். “அழுக்கு எடுக்கிறது உங்க தொழில், எடுங்க. முடுக்கிறது என் தொழில்.” தட்டின் ஓரத்தில் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டில். அந்த வீட்டிலேயே நெயில் பாலிஷ் பூசிக்கொண்டது பேட்டரி ஒன்றுதான். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில், மாமாவுக்கு மாறிப்போகாமல் இருக்க, ஒரு பொட்டு வைத்திருப்பார் அத்தை. பழைய பேட்டரியில் அது இன்னும் அழியாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

ஸ்பேனரை எடுத்து நட்டில் வைக்கப் போகும்போது உள்ளே இருந்து மாமா ஓடி வந்தார். ஓடி என்றால் உண்மையிலேயே ஓடி. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

“மாப்பிள்ளை, அதைத் தொடாதீங்க.”

பேட்டரி செத்துவிட்டது மாமா, மாற்றிவிட்டு உங்கள் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போகலாம் என்றேன். சாகவில்லை, மணி காட்டுகிறது என்றார். என்னைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டுக் கதவைத் திறந்து சாவியை ஒரு கட்டம் மட்டும் திருகினார். பச்சை எழுத்து மங்கலாக, ஆனால் தெளிவாக வந்தது. அப்போதுதான் எனக்குச் சங்கதி புரிந்தது. சாயங்காலம் ஆனால் வண்டியில் போய் உட்கார்ந்துவிடுகிறார் என்று எதிர்வீட்டுக்காரர் ஒரு தடவை சொல்லியிருந்தார். சும்மா உட்காரவில்லை. சாவியைத் திருகி அந்த மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதில்தான் பேட்டரி வடிந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் அந்த மணி அழிந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தது. எத்தனை நிமிஷம் முன்னால் ஓடுகிறது என்று இப்போதே பார்த்துக்கொள்ளலாம், மாற்றி முடித்ததும் அதே அளவு தள்ளி வைத்துத் தருகிறேன், இதற்குப் போய் ஏன் இப்படி என்று கேட்டேன்.

மாமா முதலில் சாவியைத் திருப்பி மணியை அணைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

“நீங்க வெச்சா அது நீங்க வெச்ச மணி, மாப்பிள்ளை. இது அவ வெச்சது. அவ விரலை எடுத்ததுல இருந்து நிக்காம ஓடிக்கிட்டு இருக்கு.”

ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைப்பவன் நான். என் வாய் மூடிக்கொண்டது.

அவரே மீதியையும் சொன்னார். அத்தை கடைசியாக வண்டி ஓட்டியது ஒரு பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது. அப்போதே உடம்பு பாதியாகியிருந்தது. இருந்தாலும் கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் நிறுத்தி, அந்தப் பக்கம் திரும்புங்க என்றாராம். இவர் திரும்பினாராம். அதற்கப்புறம் அத்தை அந்த இருக்கையில் உட்காரவே இல்லை.

எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. “மாமா, அவங்க தள்ளி வைக்கிறது உங்களுக்கு முதல்லேர்ந்தே தெரியுமா?”

மாமா என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஆளுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று இருந்தது. இடது கையைத் தூக்கிக் காட்டினார். கையில் வாட்ச்.

“கல்யாணத்துல போட்டதுலேர்ந்து கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன். வண்டியில ஏறினா மட்டும் பார்க்கமாட்டேன். நான் நம்பினாத்தான் அவளுக்கு நிம்மதி.”

ஊரில் அச்சாகிற பிழையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியவர், தன் வீட்டில் ஓடிய ஒரே பிழையைத் திருத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார். அப்பாவி அவரா நானா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனாலும் முடிச்சு அவிழவில்லை. பேட்டரியை மாற்றாவிட்டாலும் இன்னும் கொஞ்ச நாளில் அது தானாக நின்றுவிடும், மணியும் போய்விடும். அது அவருக்கும் தெரிந்தே இருந்தது. கொஞ்ச நாளாகச் சாவியைத் திருகுவதைக்கூடக் குறைத்துக்கொண்டாராம். சாப்பாட்டைக் குறைத்து அரிசியை மிச்சம் பிடிப்பது போல என்று தோன்றி, எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. இந்த மணியை நிற்கவிடாமல் பேட்டரியை மாற்றிக் கொடுப்பது என்று அங்கேயே தீர்மானித்தேன்.

வழி இருந்தது. ஒரு வண்டியில் பேட்டரி இறங்கிப்போனால் இன்னொரு வண்டியிலிருந்து உயிர் கொடுக்க இரண்டு கேபிள் இருக்கும், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, நுனியில் கவ்வும் கிளிப்போடு. என் வண்டியை மூக்கோடு மூக்கு உரசக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து அத்தையின் வண்டிக்கு அந்தக் கேபிள்களைப் போட்டுவிட்டால், பழைய பேட்டரியைக் கழற்றினாலும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். கடிகாரத்துக்குத் தன் பேட்டரி போனதே தெரியாது. சிவப்பு கிளிப்பைப் பேட்டரிக்குப் போகும் கம்பியின் பிடியில் மாட்ட வேண்டும், கறுப்பை இன்ஜினில் ஓர் இரும்பு போல்ட்டில். இடையில் எதுவும் விட்டுப்போகக் கூடாது. அவ்வளவுதான்.

மாமா இதை அச்சுத்தாளைப் படிப்பது போல மறுபடி மறுபடி கேட்டார். எந்த இடத்தில் தப்பு வரலாம் என்று கேட்டார். கடைசியில் சரி என்றார். என் மனைவியை வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். அவள் ஓட்டுபவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியை ஒரு கட்டம் திருகிக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டாள். மணி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிக்கொண்டே இருப்பது அவள் வேலை.

ஒரே ஒரு சங்கடம். என் கேபிளின் கறுப்பு கிளிப்பில் ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. போல்ட்டைக் கவ்வாமல் வழுக்கியது. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம், அத்தை இருந்தால் அதைச் சொல்லி என்னை ஒரு வழி பண்ணியிருப்பார். மாமா கையுறையை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “நான் பிடிச்சுக்கிறேன். இது நான் பிடிக்கிற கிளிப்புதான்.”

அது உண்மை. மழைக்காலத்தில் இந்த வண்டி அடிக்கடி மக்கர் செய்யும். எதிர்வீட்டு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி அத்தை கேபிள் போடுவார். கறுப்பு கிளிப் எப்போதும் மாமா பொறுப்பு. இன்ஜின் பிடித்துக்கொண்டதும் அந்த இரைச்சலிலும் மழையிலும் பேசினால் கேட்காது. அத்தை ஸ்பேனரால் மட்கார்டில் இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டினால் மாமா கிளிப்பை எடுத்துவிட வேண்டும். தியேட்டரில் வாய் பேசக் கூடாது, கைதான் பேசும் என்பார் அத்தை. இரண்டு பேரும் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, முழங்கால் வரை நனைந்து, வார்த்தை இல்லாமல் வேலை செய்வதை நான் வராந்தாவில் நின்று பார்த்திருக்கிறேன். இறங்கிப் போனால் நடுவில் புகுந்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றும். அவ்வளவு பொருத்தமாக இருக்கும் அது.

இதெல்லாம் அன்றைக்கு வேலை நடுவே எனக்கு ஞாபகம் வரவில்லை. மாமாவின் கைக்கு மறக்கவில்லை.

வேலை ஆரம்பித்தது. முதலில் நெகட்டிவ் பக்கத்து நட்டைத் தளர்த்திக் கழற்றினேன். “இருக்கு” என்றாள் என் மனைவி உள்ளே இருந்து. பாசிட்டிவ் பிடியைத் தூக்கினேன். “இருக்கு.” அதில் மின்சாரம் இருப்பதால் இன்னொரு கையுறைக்குள் சுற்றி ஓரமாகச் சாய்த்தேன். பழைய பேட்டரியைத் தூக்கி வெளியே வைத்தேன். இடுப்பில் ஏதோ ஒன்று நான் இருக்கிறேன் என்றது. “இருக்கு, இருக்கு.” அவள் குரலில் சிரிப்பு கலந்திருந்தது. மாமா இரண்டு கையாலும் கிளிப்பை போல்ட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றார். அவர் முகத்திலும் வெளிச்சம் வந்திருந்தது. அவர் அப்படி நின்று பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

புதுப் பேட்டரியை இடத்தில் இறக்கினேன். பாசிட்டிவ் பிடியை அதன் முனையில் வைத்து அழுத்தினேன். பாதி இறங்கி நின்றுவிட்டது. கையால் அழுத்தினால் போகவில்லை. லேசாக ஒரு தட்டு வைத்தால் உட்கார்ந்துவிடும் என்று ஸ்பேனரின் அடிப்பக்கத்தால் தட்டினேன்.

டக், டக்.

மாமா கிளிப்பை எடுத்தார்.

யோசித்து எடுக்கவில்லை. இரண்டு தட்டு கேட்டது, கை எடுத்துவிட்டது, அவ்வளவுதான். எடுத்த கிளிப்பை அத்தைக்குக் காட்டுவது போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்து “இருக்கு” வரவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அது பாட்டிக் கதையில் வரும் பேச்சு என்று நினைத்திருந்தேன்.

மாமாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. உயர்த்திய கையைப் பார்த்தார். அவசரமாகக் குனிந்து கிளிப்பை மறுபடி போல்ட்டில் வைத்து அழுத்தினார், இரண்டு கையாலும், முன்பைவிடப் பலமாக. உள்ளே வெளிச்சம் வந்திருக்க வேண்டும். என் மனைவி எதுவும் சொல்லவில்லை. நான் போய் எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு என்று காட்டி மினுக்கிக்கொண்டிருந்தது, நேற்றுப் பிறந்த கடிகாரம் போல.

“நானே எடுத்துட்டேனே” என்றார் மாமா. யாரிடமும் சொல்லவில்லை, போல்ட்டிடம் சொன்னார். “அவ தட்டுற மாதிரியே இருந்துச்சு.”

தட்டியவன் நான். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. அவர் இன்னும் அந்தக் கிளிப்பை விடவில்லை.  மீதி வேலையை முடித்தேன், நெகட்டிவ்வையும் மாட்டி முடுக்கினேன், எதற்கு முடுக்குகிறோம் என்றே தெரியாமல். அத்தையை நாங்கள் மறுபடி ஒரு தடவை அனுப்பிவைத்த மாதிரி இருந்தது எனக்கு. நான் அன்று அழவில்லை என்று சொன்னால் அது பொய்.

என் மனைவி கதவைத் திறந்து இறங்கினாள். அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். அவர் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“அப்பா, அது அம்மா வெச்ச மணியே இல்ல. அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் வண்டிய சர்வீஸுக்கு விட்டேன்ல, அப்பவே பேட்டரிய கழட்டிட்டாங்க. மணி போயிடுச்சு. நான்தான் அம்மா மாதிரி தள்ளி வெச்சேன். உங்ககிட்ட சொல்லல.”

முகத்தில் ஒரு சலனம் இல்லாமல் சொன்னாள். எனக்கே ஒரு கணம் அப்படித்தானோ என்று தோன்றியது. ஆனால் அந்த சர்வீஸுக்கு வண்டியை எடுத்துப் போனவன் நான். அவள் இரவும் பகலும் அத்தையின் கட்டில் பக்கத்தில் இருந்தாள். ஆயில் மட்டும் மாற்றினார்கள், பேட்டரியை யாரும் தொடவில்லை. என் பக்கத்தில் போகும்போதும் வரும்போதும் உட்கார்ந்து வந்தவர் மாமா. அவர் கூட வந்தது அவளுக்குத் தெரியாது. அந்த நாட்களில் யார் எங்கே போனார்கள் என்று யாருக்குத்தான் நினைவிருந்தது.

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையின் மூக்கு அவளுக்கு. பொய் சொல்லும்போது கண் இமைக்காமல் நிற்பதும் அத்தைதான்.

“அப்படியா?” என்றார். “சொல்லியிருக்கலாம்ல. நான் வேற அதைக் கட்டிக் காத்துக்கிட்டு இருந்தேன்.”

சொல்லிவிட்டுச் சுற்றி வந்து தன் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். “சரி, வெச்சவளே வை” என்றார்.

என் மனைவி ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்து கடிகாரத்தை நோக்கி விரலைக் கொண்டுபோனாள். விரல் அந்தரத்தில் நின்றது. ரேடியோ பொத்தானை அமுக்கினாள், ரேடியோ கரகரத்தது. அதை அணைத்துவிட்டு வேறு ஒன்றை அமுக்கினாள், ஒன்றும் நடக்கவில்லை. வாழ்க்கையில் அவள் அந்தக் கடிகாரத்தைத் தொட்டதே இல்லை. அத்தை யாரையும் தொடவிட்டதில்லை.

நான் மாமாவின் ஜன்னலுக்கு வெளியே ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடி இறங்கியிருந்ததால் அவர் பேசியது கேட்டது. அவர் அவள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, அவள் மானத்துக்குப் பங்கம் வராமல் சொல்லிக்கொடுத்தார்.

“கண்ணாடிக்குக் கீழ ரெண்டு சின்னப் பொத்தான் இருக்கு பாரு. ஒண்ணு மணிக்கு, ஒண்ணு நிமிஷத்துக்கு. போன தடவை அதைத்தான் அமுக்கியிருப்ப. நாளாச்சுல்ல, மறந்திருக்கும்.”

“ஆமாப்பா, மறந்துட்டேன்” என்றாள். மூக்கை உறிஞ்சினாள். “எவ்வளவு தள்ளி வைக்கட்டும்?”

“அதை என்கிட்ட சொல்லலாமா?”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முதுகை நிமிர்த்தினாள்.

“அப்பா, அந்தப் பக்கம் திரும்புங்க.”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பினார். அதாவது என் பக்கம். இத்தனை வருஷமாக அவர் திரும்பும்போது பின்மண்டையை மட்டுமே பார்த்திருந்தேன். முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். கண்ணை இறுக மூடியிருந்தார். இமை ஓரம் நனைந்திருந்தது. ஆனால் உதடு சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே டிக், டிக் என்று பொத்தான் சத்தம் கேட்டது. அவள் ரொம்ப நேரம் அமுக்கினாள்.

“ம், ஆச்சு.”

மாமா கண்ணைத் திறந்து திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஐயையோ, இவ்வளவு நேரமாச்சா? மாப்பிள்ளை, இன்னும் என்ன நின்னுக்கிட்டு இருக்கீங்க, பானெட்டை மூடுங்க. அண்ணன் சாப்பிடாம காத்துக்கிட்டிருப்பார்.”

இதோ மாமா என்று சொல்லிவிட்டுத் தட்டில் இருந்த நெயில் பாலிஷை எடுத்தேன். உள்ளே காய்ந்து ஒட்டிப்போயிருந்ததைப் பிரஷ்ஷால் சுரண்டிப் புதுப் பேட்டரியில் ஒரு பொட்டு வைத்தேன். கேபிள்களைக் கழற்றிப் பானெட்டை மூடினேன், என் வண்டியை வழியிலிருந்து எடுத்தேன், ஓடிவந்து பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன். என் கையிலும் வாட்ச் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.